மண்ணுக்கு அடியில் ஒரு குழாய்

"மூணு மணி நேரத்துல நிறுத்திட்டு நீ பாட்டுக்கு..."

"நிறுத்தினா என்ன அண்ணி? என் முறைதானே..."

"உன் முறைதான், யாரு இல்லேன்னா? முறை ஆறு மணி நேரம். நீ பாதியில நிறுத்திட்டுப் போறியே, அதைத்தான் கேக்கறேன்."

"போதும்னு தோணிச்சு, நிறுத்தினேன்."

"போதுமா? இந்த வறட்சியில தண்ணி போதும்னு சொன்ன ஒரே ஆளு நீதான். ஊரே சொட்டுக்கு அடிச்சுக்குது, உனக்கு மட்டும் போதுமாம்!"

"எடுத்தாலும் திட்டறீங்க, விட்டாலும் திட்டறீங்க. என்னதான் பண்ணச் சொல்றீங்க?"

"உண்மையைச் சொல்லச் சொல்றேன்."

"எந்த உண்மையை?"

அதற்கு அண்ணியிடம் பதில் இருந்தது. ஆனால் வாய்விட்டுச் சொல்லும் அளவுக்குக் கையில் இன்னும் ஒன்றும் சிக்கவில்லை. தோளில் கிடந்த துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு தொட்டியைப் பார்த்தாள். நாத்தனார் மோட்டார் ரூமைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, மண்வெட்டியைத் தோளில் போட்டபடி நடந்துவிட்டாள். மணி ஒன்பதுதான் ஆகியிருந்தது.

கிணற்றிலிருந்து மோட்டார் இறைக்கும் தண்ணீர் முதலில் அந்தச் சிமென்டுத் தொட்டியில்தான் விழும். தொட்டிக்கு இரண்டு வாய். மேற்கு வாயைத் திறந்தால் அண்ணன் நிலம், கிழக்கு வாயைத் திறந்தால் தங்கை நிலம். மாமனார் நிலத்தை மகனுக்கும் மகளுக்கும் சரிபாதியாகப் பிரித்தவர், கிணற்றையும் மோட்டாரையும் தொட்டியையும் பிரிக்க வழியில்லாமல் பொதுவில் விட்டுவிட்டுக் கண்ணை மூடினார். அன்றிலிருந்து ஒரு நாள் அண்ணன் முறை, மறுநாள் தங்கை முறை. மோட்டாருக்குக் கரண்ட் காலை ஆறு மணிக்கு வரும், பன்னிரண்டுக்குப் போய்விடும். அந்த ஆறு மணி நேரம் யாருடைய முறையோ அவர்கள் பாடு.

அண்ணன் ட்ராக்டர் வைத்திருக்கிறார். ஊரில் பாதி நிலம் அவர் கலப்பை பட்டுத்தான் விதை பார்க்கும். ட்ராக்டர்க்காரர் என்றால் சின்னக் குழந்தைகூட வீட்டைக் காட்டும். அவர் மனைவிதான் அண்ணி. அவருடைய தங்கைதான் கிழக்கு நிலத்துக்காரி. கணவன் போய் ஒன்பது வருடம். ஒரே மகளைக் கட்டிக் கொடுத்துவிட்டு, நிலமும் நான்கு கோழியுமாகத் தனியாக இருக்கிறாள்.

இரண்டு மழை பொய்த்துப் போன வருடம் அது. மேற்கு நிலத்து மக்காச்சோளம் காலை பத்து மணிக்கே இலையைச் சுருட்டிக்கொண்டு, குச்சி குச்சியாக நின்றது. பூவெடுக்கிற நேரம். இந்த இரண்டு வாரம் தண்ணீர் சரியாகப் பாயாவிட்டால் கதிரில் மணி பிடிக்காது. அண்ணி தினமும் வரப்பில் நின்று ஒவ்வொரு வரிசையாகப் பார்ப்பாள். பிறகு, பார்க்கவே கூடாது என்று நினைத்துக்கொண்டே கிழக்கே பார்ப்பாள்.

கிழக்கு நிலம் இரண்டு துண்டு. தொட்டியை ஒட்டிய மேல்துண்டில் பயறு எடுத்து முடிந்து, நிலம் காலியாக இருந்தது. காலி என்றால் வெறும் மண் அல்ல. தட்டையும் வைக்கோலும் சருகுமாக மண்ணே தெரியாமல் மூடிக் கிடந்தது. அதைத் தாண்டிப் பள்ளத்தில் கீழ்த்துண்டு. அங்கேயும் மக்காச்சோளம்தான். அதே விதை, அதே வாரம் போட்டது. மத்தியானம் இரண்டு மணி வரைக்கும் இலை விரித்து நின்றது.

ஏழு வருடமாக அந்த நிலத்தில் கலப்பை இறங்கவில்லை. ட்ராக்டர் வைத்திருப்பவரின் கூடப் பிறந்தவள் நிலத்தில்! ஊரில் சிரிக்காத ஆளில்லை. அந்த நிலத்துக்குக் குப்பைமேடு என்று பெயரே வைத்துவிட்டார்கள். முதல் இரண்டு வருடம் அண்ணியும் சேர்ந்து சிரித்தாள். சிரிக்கும்படியாகத்தான் இருந்தது. களை இடுப்பளவு வளர்ந்தது. நாத்தனார் அரிவாளை வைத்துக்கொண்டு அறுத்து அறுத்து அங்கேயே போட்டாள். விளைச்சல் பாதிகூட இல்லை. குச்சியால் குத்திக் குத்திக் குழி போட்டு, ஒவ்வொரு விதையாகக் குனிந்து போட்டாள். "சீக்கு வந்த கோழி கொத்தற மாதிரி இருக்கு" என்று டீக்கடையில் சொல்லி ட்ராக்டர்க்காரர் நாலு பேரைச் சிரிக்க வைத்தார். அது நாத்தனார் காதுக்கும் போயிற்று. போன வருடம் அந்தக் குனிதலில் முதுகு பிடித்துக்கொண்டு பத்து நாள் படுத்துவிட்டாள்.

இப்போது ஒருவரும் சிரிப்பதில்லை. அதுதான் அண்ணிக்குச் சந்தேகம். தண்ணீரைப் பாதி முறையோடு நிறுத்துகிறவளுக்குப் பயிர் எப்படிப் பச்சையாக நிற்கும்? தங்கள் முறையில் மோட்டார் ஓடும்போது தொட்டி நிறையத் தண்ணீர் விழுகிறது. கண்ணால் பார்க்கிறாள். ஆனால் அது கடைசிப் பாத்திக்குப் போவதற்குள் பாதி காணாமல் போகிறது. வாய்க்கால் உடைப்பு இல்லை. எலி வளை இல்லை. அப்படியானால் எங்கே போகிறது?

கிணற்றில் ஊற்று வற்றிவிட்டது என்றும் சொல்ல முடியாது. பக்கத்துக் கிணறுகளில் எல்லாம் இரண்டு மணி நேரத்தில் தண்ணீர் தீர்ந்து மோட்டார் காற்று இழுத்துக் கத்துகிறது. தங்கள் முறையன்று ஐந்து மணி நேரம் அசையாமல் ஓடுகிறது. "எங்க கிணறு கைவிடாது" என்று அண்ணி போகிற வருகிற இடமெல்லாம் பெருமை பேசியிருக்கிறாள்.

ஒரு நாள், நாத்தனார் நிறுத்திய பிறகு மீதி மூன்று மணி நேரம் நாம் ஓட்டிக்கொண்டால் என்ன என்று கணவரிடம் கேட்டாள்.

"கை வச்சுடாத. அதுக்குத்தான் நிறுத்தறா. நாம போட்டோம்னு வையி, என் முறையில திருடிட்டாங்கன்னு ஊரைக் கூட்டுவா."

அது அண்ணிக்கும் நியாயமாகப் பட்டது.

இந்த நேரத்தில்தான் அவள் குழாய்க்காரரைப் பார்த்தாள். தோளில் ஒரு இரும்புக் குழாயைப் போட்டுக்கொண்டு, இப்படியும் அப்படியும் பார்த்தபடி நாத்தனார் வீட்டுக்குள் நுழைந்தார். கொஞ்ச நேரம் கழித்து அண்ணி அந்த வழியாக நடந்தால் உள்ளே ரம்பம் அறுக்கிற சத்தம். மறுநாளும் போனார். மறுநாள் கையில் ஒன்றும் இல்லை. அப்படியானால் குழாய் உள்ளேயே தங்கிவிட்டது.

அண்ணி அவருக்குச் சொல்லி அனுப்பினாள், சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று.

"என்னக்கா, இது ஒழுகறதைப் போன வருஷமே பாத்தேனே. ஒழுகட்டும் விடுங்கன்னீங்க."

"அப்ப ஒழுகினது வேற, இப்ப ஒழுகறது வேற. நல்லாப் பாருங்க. டீ போடறேன்."

அவர் கழற்றத் தொடங்கினார். அண்ணி பாலை அடுப்பில் வைத்துவிட்டு, கதவில் சாய்ந்து நின்றாள்.

"நாத்தனார் வீட்டுல என்ன வேலை?"

"யாரு நாத்தனார்?"

"எனக்கென்ன ஏழெட்டா இருக்கு? ஒண்ணுதான். தோள்ல பைப்பைப் போட்டுக்கிட்டுப் போனீங்களே."

"ஓ, அதுவா." குழாய்க்காரர் வாஷரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அதில் பார்க்க ஒன்றும் இல்லை. "அது ஒரு சின்ன வேலைக்கா."

"குளிக்கிற ரூம்லயா?"

"இல்ல."

"சமையல்கட்டுலயா?"

"இல்லக்கா."

"அப்ப நிலத்துக்கா?"

குழாய்க்காரர் வாஷரை வாயில் கவ்விக்கொண்டார். பேச வேண்டாம் என்பதற்கு அது ஒரு வசதி. அண்ணி விடவில்லை. டீயை ஆற்றி ஆற்றி நீட்டாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"அக்கா, உங்க வீட்டுக்காரர் காதுக்குப் போகக் கூடாதுன்னு அவங்க சொல்லியிருக்காங்க. நானும் சரின்னுட்டேன். உங்களுக்குள்ள ஆயிரம் இருக்கும். நடுவுல என்னை இழுக்காதீங்க."

"எத்தனை அடி பைப்பு? அதையாவது சொல்லுங்க."

"டீயைக் குடுங்கக்கா, ஆறிடும்."

குடித்துவிட்டுப் போனார். குழாய் முன்னைப் போலவே ஒழுகியது. அண்ணி அதைக் கவனிக்கவே இல்லை. தட்டில் சோற்றைப் போட்டு, வெங்காயம் நறுக்கி வைத்து, கணவர் கை கழுவி உட்காரும் வரை பொறுத்திருந்தாள். அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"ஏங்க, உங்க தங்கச்சி ஏன் உழ விடமாட்டேங்கறா தெரியுமா?"

"கிறுக்கு. வேற என்ன?"

"கிறுக்கு இல்ல. விவரம். உழுதா அடியில இருக்கறது மாட்டிக்கும்."

ட்ராக்டர்க்காரர் கவளத்தை வாய்க்குப் பக்கத்தில் நிறுத்தினார். "அடியில என்ன இருக்கு?"

"குழாய்." குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "தொட்டிக்கு அடியிலேர்ந்து. நம்ம முறையில நாம மோட்டார் போடறோம், தண்ணி தொட்டியில விழுது. பாதி நம்ம வாய்க்கால்ல வருது. பாதி சத்தமில்லாம அடியிலேயே மேல்துண்டு வழியா கீழ்த்துண்டுக்குப் போயிடுது. அது பள்ளம்தானே, தானா எறங்கும். அதான் அவ முறையில தண்ணி வேணாம்னு நிறுத்தறா. கண்ணுக்கு மூணு மணி நேரம், மீதியெல்லாம் மண்ணுக்கு அடியில."

"தொட்டியை நான் போன மாசம் கழுவினேனே. ஓட்டை ஒண்ணும் இல்லையே."

"கண்ணுல படற மாதிரியா வைப்பா?"

அவர் மென்றார். யோசித்தார். மறுபடி மென்றார்.

"குழாய்க்காரன் எத்தனை பைப்பு எடுத்துட்டுப் போனான்?"

"நான் பாத்தது ஒண்ணு. பாக்காதது எத்தனையோ."

"அவகிட்டயே கேட்டுட்டா என்ன?"

"கேட்டா சொல்லுவாளா? உங்க காதுக்குப் போகக் கூடாதுன்னு அந்த ஆளு வாயைக் கட்டி வச்சிருக்கா. நல்ல காரியத்தை யாராவது கூடப் பொறந்தவன்கிட்ட மறைப்பாங்களா?"

அந்தக் கடைசிச் சொல் வேலை செய்தது. அண்ணி அதை அவர் முகத்திலேயே பார்த்தாள். ஏழு வருடமாக அவருக்குள் ஒரு முள் இருந்தது. ஊர் நிலமெல்லாம் அவர் கலப்பையைக் கேட்டு வரிசையில் நிற்கிறது. கூடப் பிறந்தவள் வேண்டாம் என்கிறாள். வேண்டாம் என்பதோடு, வேண்டாமலே விளைய வைத்தும் காட்டுகிறாள். அது உண்மையாக இருந்தால் அவர் இத்தனை வருடம் ஓட்டியதற்கு என்ன அர்த்தம்? அடியில் குழாய் இருந்துவிட்டால் எல்லாம் சரியாகப் போய்விடும். அவருக்கு அந்தக் குழாய் தேவைப்பட்டது.

அந்த வாரமே வழியும் திறந்தது. நாத்தனாரின் மகளுக்கு டவுன் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. நாத்தனார் கையில் ஒரு பையோடு வந்து, மோட்டார் ரூம் சாவியையும் வீட்டுச் சாவியையும் அண்ணியிடம் நீட்டினாள்.

"நாலு நாள்ல வந்துடுவேன் அண்ணி. கோழிக்கு மட்டும் தீனி போட்டுடுங்க. என் முறையில நீங்களே மோட்டார் போட்டு, கீழ்த்துண்டுக்கு ஒரே ஒரு தடவை விட்டாப் போதும். மீதிய உங்களுக்குப் பாய்ச்சிக்குங்க."

"மேல்துண்டு?"

"அதை யாரும் மிதிக்காம பாத்துக்குங்க. வந்து நானே விதை போட்டுக்கறேன்."

"விதை போடறதுக்கு உழ வேணாமா? உங்க அண்ணனை ஒரு ஓட்டு ஓட்டச் சொல்லட்டுமா?"

"வேணாம் அண்ணி." பஸ்ஸுக்குத் திரும்பியவள் நின்று, மறுபடி திரும்பினாள். "சொல்லிட்டேன், வேணாம்."

இரண்டு தடவை சொன்னாள். அண்ணி அதைக் கணக்கில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை வெயில் ஏறுவதற்குள் ட்ராக்டர் மேல்துண்டில் இறங்கியது. ஒன்பது இரும்புக் கொத்து வைத்த கலப்பை. ட்ராக்டர்க்காரர் தொட்டி ஓரத்திலிருந்து தொடங்கினார். குழாய் எங்கிருந்தாலும் தொட்டியில்தானே ஆரம்பிக்க வேண்டும்? அதனால் குறுக்கே ஓட்டினால் மாட்டாமல் போகாது. அண்ணி தொட்டிச் சுவரில் உட்கார்ந்து கொத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் தட்டைகள் கொத்தில் சுற்றிக்கொண்டன. இறங்கி இறங்கிப் பிடுங்கி எறிந்தார். பிறகு மண் பிளந்தது. அண்ணி எழுந்து நின்றுவிட்டாள். அந்த மண் கறுப்பாக இருந்தது. மழை பெய்த மறுநாள் இருக்குமே, அந்தக் கறுப்பு. கட்டியாக வரவில்லை, பொலபொலவென்று புரண்டு விழுந்தது. வாசனை அவள் நின்ற இடம் வரைக்கும் வந்தது.

"ஏங்க! ஈரம்! ஈரம் பாருங்க!"

"பாத்தேன், பாத்தேன்!" அவர் இன்ஜின் சத்தத்துக்கு மேலே கத்தினார். "கசியுது! பக்கத்துலதான் இருக்கு!"

அப்போது கொக்குகள் வந்தன. முதலில் இரண்டு, பிறகு ஏழெட்டு. கூடவே காக்கைகள். ட்ராக்டருக்குப் பின்னாலேயே இறங்கி, புரண்ட மண்ணில் நெளிந்த புழுக்களை ஆளுக்கு ஒன்றாகக் கொத்திக்கொண்டு நடந்தன. அண்ணி அதைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று ஒன்று தோன்றியது. நம் நிலத்தில் ஓட்டும்போது கொக்கு பின்னால் வந்து எத்தனை வருடம் ஆயிற்று? நினைவுக்கு வரவில்லை. வருடா வருடம் வந்துகொண்டிருந்ததா, எப்போது நின்றது என்பதும் தெரியவில்லை.

மூன்று சுற்று முடிந்தது. குழாய் இல்லை.

"ஆழமாப் புதைச்சிருக்கா" என்றார் ட்ராக்டர்க்காரர். கொத்துக் கலப்பையைக் கழற்றிவிட்டு, வட்டத் தட்டுகள் வைத்த சட்டிக்கலப்பையை மாட்டிக்கொண்டு வந்தார். அது ஒரு அடி ஆழம் இறங்கும். இப்போது குறுக்கே மட்டும் அல்ல, நெடுக்கேயும் ஓட்டினார். வைக்கோல் எல்லாம் அடியில் போயிற்று, அடி மண் எல்லாம் மேலே வந்தது. காலித் துண்டு முழுக்கப் புரண்டு முடியும் நேரத்தில், கீழ்த்துண்டு வரப்புக்குப் பக்கத்தில், டங்கென்று ஒரு சத்தம்.

அவர் வண்டியை நிறுத்திக் குதித்தார். அண்ணி ஓடினாள். இரண்டு பேரும் கையாலேயே மண்ணை வாரினார்கள்.

"இரும்பு! சொன்னேனா இல்லையா!"

"இருங்க, இழுக்காதீங்க, உடைஞ்சுடப் போகுது, ஊரைக் கூட்டிக் காட்டணும்."

வெளியே வந்தது ஒரு சாண் நீளத் துருப்பிடித்த இரும்பு. ஒரு பக்கம் கூர், மறு பக்கம் உடைந்த வாய். ட்ராக்டர்க்காரர் அதை உள்ளங்கையில் வைத்து இரண்டு தடவை புரட்டிப் பார்த்தார்.

"என்னங்க அது?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாமயா இப்படிப் பாக்கறீங்க?"

"நம்ம கலப்பைக் கொழு. கடைசியா இங்க ஓட்டின வருஷம் நுனி உடைஞ்சு போச்சு. தேடினேன், கெடைக்கல." அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு பையிலிருந்து எடுத்து வரப்பில் வீசினார்.

அண்ணிக்கும் அந்த வருடம் ஞாபகம் இருந்தது. நல்ல மழை பெய்தது. மறுநாள் விடிந்ததும் நாத்தனார் வந்து நின்றாள், "அண்ணா, ஈரம் போறதுக்குள்ள ஓட்டிக் குடுங்க" என்று. "நாளைக்கு" என்றார் அண்ணன். வெளி ஆட்கள் வரிசையில் நின்றார்கள். கூடப் பிறந்தவள் எங்கே போய்விடுவாள்? மறுநாளும் நாளைக்கு. பன்னிரண்டாம் நாள் போனார். நிலம் கல்லாக இருந்தது, கொழு உடைந்தது, பாதியில் விட்டுவிட்டு வந்துவிட்டார். அடுத்த மழைக்கு அவள் வந்து கேட்கவில்லை. குச்சியை எடுத்துக்கொண்டு நேராக நிலத்துக்குப் போனாள். ரோஷத்தில் தொடங்கியது அது.

மத்தியானத்துக்குள் அந்தக் கறுப்பு போய்விட்டது. அண்ணி பாத்திரம் தேய்க்கும்போது ஒரு தடவை எட்டிப் பார்த்தாள், பழுப்பாக இருந்தது. துணி காயப் போடும்போது பார்த்தாள், சாம்பலாக இருந்தது. மூன்று மணிக்குக் காற்று கிளம்பியது. மேல்துண்டிலிருந்து புழுதி எழுந்து வந்து, காயப் போட்ட துணி மேலெல்லாம் படிந்தது.

"உழுத நிலம் காயத்தான் செய்யும்" என்றார் ட்ராக்டர்க்காரர். யாரும் கேட்காமலே சொன்னார். "காலியாத்தானே கெடந்தது. நல்லதுதான் பண்ணியிருக்கேன். காத்தோட்டம் வரும்."

"அப்ப குழாய்?"

"வாயை மூடு."

சாயங்காலம் கோழிக்குத் தீனி போட அண்ணி நாத்தனார் வீட்டுக்குப் போனாள். தீனி வாளி பின்பக்கத்துச் சாய்ப்பில் இருந்தது. வாளியை எடுக்கும்போது மூலையில் சாக்கு போர்த்திச் சாய்த்து வைத்திருந்தது கண்ணில் பட்டது. போர்த்தி வைத்திருக்கிறதே என்பதற்காகவே விலக்கிப் பார்த்தாள்.

இரும்புக் குழாய். ஒன்றே ஒன்று. இடுப்பு உயரம்தான் இருக்கும். மேல் முனையில் ஒரு புனலைப் பற்றவைத்திருந்தது. கீழ் முனையைக் கிளி மூக்கு மாதிரி கூராக வெட்டி, கீல் வைத்து, மிதித்தால் வாய் திறக்கும்படி ஒரு கட்டை பொருத்தியிருந்தது. புனல் ஓரத்தில் இரண்டு மக்காச்சோள மணி ஒட்டிக்கொண்டிருந்தது.

அண்ணி அதைத் தூக்கிப் பார்த்தாள். கனமில்லை. முற்றத்து மண்ணில் ஊன்றி, காலால் மிதித்து, வாளியிலிருந்து ஒரு மணியை எடுத்துப் புனலில் போட்டாள். அது கிணுகிணுவென்று சத்தம் போட்டுக்கொண்டே இறங்கி மண்ணுக்குள் போயிற்று. குனியவே வேண்டாம். வைக்கோலை விலக்கவும் வேண்டாம். கோழி ஒன்று வந்து அந்த இடத்தைக் கொத்திவிட்டு, ஒன்றும் கிடைக்காமல் அவளை நிமிர்ந்து பார்த்தது.

சீக்கு வந்த கோழி. டீக்கடைச் சிரிப்பு. அவர் காதுக்குப் போகக் கூடாது.

சாக்கை இருந்த மாதிரியே போர்த்தினாள். வீட்டுக்கு வந்து கணவரிடம் சொல்லவில்லை. சொன்னால், "அது கண்ணுக்குக் காட்டறதுக்கு வச்சிருக்கற குழாய்" என்பார் என்று தெரியும். தனக்கே அப்படி ஒரு விநாடி தோன்றியதும் தெரியும்.

நான்காம் நாள் மாலை நாத்தனார் வந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கி நேராகச் சாவி வாங்க வந்தாள்.

"குழந்தை எப்படி இருக்கு? யாரு சாடை? உள்ள வா, டீ குடிச்சுட்டுப் போ. பால் குடிக்குதா?" அண்ணி மூச்சு விடாமல் கேட்டாள்.

"நல்லாருக்கு அண்ணி. எங்க அப்பா மூக்கு." சிரித்துக்கொண்டே சொன்னவள், அண்ணியின் தோளுக்கு மேலே பார்த்தாள். சிரிப்பு அப்படியே நின்றது. பையை வைத்துவிட்டு நடந்தாள்.

மேல்துண்டின் நடுவில் போய் உட்கார்ந்தாள். ஒரு கை மண்ணை அள்ளினாள். அது விரலிடுக்கில் ஒழுகிக் காற்றில் போயிற்று. கையை இன்னும் ஆழமாக விட்டுத் துழாவினாள். எதையோ தேடுகிற மாதிரி இருந்தது. பிறகு வரப்பில் கிடந்த துருப்பிடித்த கொழு நுனியை எடுத்துப் பார்த்தாள்.

ட்ராக்டர்க்காரர் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றார். "சும்மாத்தானே கெடந்தது. ஒரு ஓட்டு ஓட்டிவிட்டேன். உனக்குத்தான் லாபம். கூலியெல்லாம் வேணாம்."

"ஒரு ஓட்டா?"

"ரெண்டு."

"அன்னிக்கு மழை பெஞ்ச மறுநாள் வந்து கெஞ்சினேன் அண்ணா. பன்னெண்டு நாள் வரல. இப்ப வேணாம்னு ரெண்டு தடவை சொல்லிட்டுப் போனேன், மறுநாளே வந்துட்டீங்க."

"தங்கச்சி நிலம்னு ஒரு..."

"எதைத் தேடினீங்க?"

அண்ணன் அண்ணியைப் பார்த்தார். அண்ணி தரையைப் பார்த்தாள். நாத்தனார் இரண்டு பேரையும் பார்த்தாள். இவர்கள் குழாய் தேடியதை அதற்குள் குழாய்க்காரர் யாரிடமோ சொல்லியிருக்க வேண்டும், அல்லது பஸ்ஸிலேயே யாராவது சொல்லியிருக்க வேண்டும். ட்ராக்டர் குறுக்கேயும் நெடுக்கேயும் ஓடியதை ஊரில் பார்க்காதவர் யார்? கத்துவாள் என்று அண்ணி காத்திருந்தாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திருப்பிக் கத்தியிருக்கலாம். அவள் கொழு நுனியை அண்ணன் கையில் வைத்துவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு போனாள். இவ்வளவு அமைதியாகப் போகிறாளே, மனதில் எதை வைத்துக்கொண்டு போகிறாள் என்று அண்ணிக்கு அன்றைக்கெல்லாம் அதே யோசனை.

மறுநாள் நாத்தனார் முறை. காலை ஆறு மணிக்கு மோட்டார் சத்தம் கேட்டது. அண்ணி சமையலறையில் காதைத் தீட்டிக்கொண்டு வேலை செய்தாள். ஒன்பது மணி ஆயிற்று. மோட்டார் நிற்கவில்லை. ஒன்பதரை. பத்து. அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பினாள்.

நாத்தனார் மேல்துண்டு வாய்க்காலில் மண்வெட்டியோடு நின்றாள். பக்கத்தில் மண்ணில் ஊன்றியிருந்தது அந்தக் குழாய், புனலோடு. இப்போது அதை அவள் யாருக்கும் மறைக்கவில்லை.

"இன்னும் ஓடுதே?" என்றாள் அண்ணி.

"ஓடணும் அண்ணி. முன்னாடி இந்தத் துண்டுக்கு ஒரு மணி நேரம் விட்டா ஒரு வாரம் தாங்கும். மேல மூடிக் கெடந்துச்சு, அடியில ஈரம் நின்னுச்சு. இன்னிக்குக் காலையிலேர்ந்து விடறேன். பாருங்க, பாதிகூட எட்டல. ஊத்த ஊத்தக் குடிக்குது. உங்க கடைசிப் பாத்தி மாதிரி."

தண்ணீர் புழுதியில் தலையை நுழைத்து நுழைத்துக் காணாமல் போய்க்கொண்டிருந்தது. உடைப்பு இல்லை. எலி வளை இல்லை. அண்ணி அதையே பார்த்தாள். இதே மாதிரிதான் தங்கள் நிலத்திலும் காணாமல் போகிறது. எத்தனையோ நாள் பார்த்திருக்கிறாள், பார்த்தும் தெரியவில்லை.

ஏதோ உறுத்த, கிணற்றடிக்குப் போய் எட்டிப் பார்த்தாள். கிணற்றுக்குள் இறங்கும் கல் படிகளில் ஒன்பதாவது படி ஓரம் உடைந்திருக்கும். தங்கள் முறையன்று காலையில் மோட்டார் போடும்போது அந்த உடைசல் எப்போதும் தண்ணீருக்குள்தான் இருக்கும். நாளை தங்கள் முறை. இப்போதே அந்தப் படி காய்ந்து கிடந்தது. அதற்குக் கீழே இன்னும் இரண்டு படி வெளியே தெரிந்தன. பன்னிரண்டு மணிக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.

எங்க கிணறு கைவிடாது என்று அவள் ஊரெல்லாம் சொன்ன தண்ணீர், ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒன்பது மணிக்கே நாத்தனார் நிறுத்தி மிச்சம் வைத்த தண்ணீர்.

"மூணு மணி நேரத்துல நிறுத்திடேன்" என்று சொல்ல வாயெடுத்தாள். பத்து நாளைக்கு முன்னால் இதே இடத்தில் நின்று தான் என்ன கேட்டோம் என்பது நினைவுக்கு வந்தது. மேற்கே தங்கள் மக்காச்சோளம் இலையைச் சுருட்டிக்கொண்டு நின்றது. பூ வெளியே தலையை நீட்டியிருந்தது.

நாத்தனார் குனிந்து ஒரு மடை திருப்பினாள். நிமிரும்போது முதுகைப் பிடித்துக்கொண்டாள். அண்ணியைப் பார்க்காமலே, மண்வெட்டியில் ஒட்டிய மண்ணைக் காலால் தள்ளிக்கொண்டே சொன்னாள்.

"நாளைக்கு உங்க முறைதானே? மோட்டார் காத்து இழுத்துச்சுன்னா, தொட்டிக்கு அடியில போய்த் தேடாதீங்க அண்ணி."